கம்பி இல்லாத படம்

பலாக்காயை எல்லாம் இறக்கியாகிவிட்டது என்று முத்தாத்தாள் தன் புருஷனிடம் சொன்னது பொய். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தில், வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாத பக்கமாக, பெரிய காய்களில் சிலவற்றை விட்டுவைத்திருந்தாள். ஆனி மாதச் சாரலில் அவை பழுக்கத் தொடங்கியிருந்தன. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வாசம் எட்டுவதற்கு முன்பே மலையில் இருப்பவனுக்கு எட்டிவிடும்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பலாவை மரத்தில் பழுக்க விடக் கூடாது. அரிசி மூட்டையைச் சன்னலோரம் வைக்கக் கூடாது. இருட்டிய பிறகு மாட்டுக்குத் தவிடு கரைக்கக் கூடாது. யானைக்கு மோப்பம் கிடைத்துவிட்டால் அப்புறம் சுவரென்ன, கதவென்ன. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் விடியற்காலையில் வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய ஒரு செருப்பு வாய்க்காலில் கிடந்தது. இன்னொன்றைத் தேடிக்கொண்டு போனவர்கள், தேடாமலே இருந்திருக்கலாம் என்று வந்து சொன்னார்கள். அது ஒற்றைக்கொம்பனின் வேலை. ஒரு பக்கத் தந்தம் அடியோடு முறிந்துபோன கிழட்டு ஆண்யானை.

முத்தாத்தாளுக்கு இது தெரியாதா? அந்தச் சாவுக்குப் போய், அந்த வீட்டுக்காரம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு வந்தவள்தான். இருந்தும் விட்டுவைத்தாள். அறுபத்திரண்டாவது வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்திருந்தது. அந்த வயதில் வரும் ஆசையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கென்னவோ அதைக் கண்டால் பயம்தான். இளவட்டங்களின் ஆசைக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு இருக்கும். இதற்கு அது கிடையாது.

எல்லாம் கண் ஆபரேஷனில் தொடங்கியது. புரை எடுத்துக் கட்டு அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்தவள், வாசலில் நின்று பாகல் பந்தலைப் பார்த்தபடி வெகுநேரம் உள்ளே வரவில்லை.

“என்ன அம்மணி, ஊட்டுக்கு வழி மறந்துபோச்சா?” என்றார் அவள் புருஷன் சென்னிமலை.

“இத்தன வருசமா அழுக்குத் தண்ணிக்குள்ளார நின்னு பாத்துட்டு இருந்திருக்கேனுங்க,” என்றாள் அவள். “இந்தப் பச்சை இப்பிடி இருக்குமுன்னு எனக்கு யாருமே சொல்லலீங்களே.”

மகன் தனபால் சரவணம்பட்டியில் இருந்தான். குழந்தை பிறந்தபோது ஆசையாக ஒரு கேமரா வாங்கி, பேர் வைக்கும் அன்று நாலு படம் எடுத்துவிட்டு, பிறகு பீரோவில் போட்டுவிட்டான். அம்மா கேட்டதும் தூசி தட்டிக் கொடுத்துவிட்டான். கண்ணாடிக் கடையில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, ஆர்.எஸ்.புரத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டோ வகுப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமை தோறும் போக வேண்டும். சென்னிமலை வாயாரக் கிண்டல் செய்வார். “ஏம்புள்ள, படம் புடிச்சு எந்தச் சினிமாக்காரனுக்குக் குடுக்கப் போறே?” என்பார். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் மொபட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் அவர்தான். பஸ் கிளம்பும் வரைக்கும் நிற்பார். அவளுக்கு வீசிங் உண்டு என்பதால், “மறக்காம மருந்த இழுத்துக்கோணும் முத்து,” என்று சன்னல் வழியாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

வகுப்பில் அவளுக்குக் கிடைத்த தோழி மெஹராஜ். கோட்டைமேட்டுக்காரி. புருஷன் அப்துல் வஹீது தவறிப் போனபிறகு, சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வந்தவள். கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு, புகைக்கு நடுவே சமையல்காரர்களின் முகங்களை எடுப்பாள். பந்தியில் இருப்பவர்களை எடுக்கச் சொன்னால், “தின்னுற முகத்துல என்னுங்க இருக்குது?” என்பாள். வாய் கொஞ்சம் நீளம். முத்தாத்தாளுக்கு அது பிடித்திருந்தது.

வகுப்பு எடுத்த ரூபன் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. நல்ல பையன்தான். ஆனால் அவன் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் இத்தனைக்கும் காரணம்.

வைகாசி மாதம் ஒரு காலையில் ஒற்றைக்கொம்பன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். முத்தாத்தாள் சன்னலிலிருந்தே எடுத்துவிட்டாள். வகுப்பில் அந்தப் படத்தைத் திரையில் போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். ரூபன் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நல்லா இருக்குங்கம்மா. ஆனா அந்த வேலிக் கம்பி கண்ணுக்குக் குறுக்கால போகுது பாருங்க. இது ஆனைய எடுத்த படம் இல்லீங்க, வேலிய எடுத்த படம்,” என்றான்.

அவள் முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் மனசுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அறுபது வருஷத்தில் அவள் வைத்த குழம்பைத் தவிர, அவள் செய்த எதையும் ஒருவரும் உற்றுப் பார்த்துக் குறை சொன்னதில்லை. குறை சொல்லும் அளவுக்குத் தன் வேலையை ஒருவன் மதித்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அந்தக் கம்பிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அவர்கள் தோட்டத்தைச் சுற்றிச் சோலார் வேலி. மேலும் கீழுமாகக் கம்பிகள். தொட்டால் ஆளைத் தூக்கி எறியாது, யானை மட்டும் ஒருமுறை பட்டால் மறுமுறை யோசிக்கும். வண்டி போய்வரும் தடத்தில் மட்டும் கம்பிகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட கொக்கிகள் இருந்தன. வேலிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி முன்கூடத்துச் சுவரில் தொங்கியது. டிக், டிக், டிக் என்று நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும். சென்னிமலைக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம். இடையில் விழிப்புத் தட்டினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். டிக் என்றதும் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஆனால் கொக்கிகளைக் கழற்றிவிட்டு வழியைத் திறந்து வைத்தாலும் பெட்டி அடித்துக்கொண்டுதான் இருக்கும். அதற்கென்ன தெரியும்? முத்தாத்தாள் இதைக் கண்டுகொண்ட அன்றே, பலா மரத்தின் மறுபக்கத்துக் காய்களை விட்டுவைத்தாள்.

பிறகு வந்த நாட்களில் இருள் பிரிகிற நேரத்துக்கு எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போவாள். வண்டித்தடத்துக் கொக்கிகளைக் கழற்றி வேலியின் கல்தூணில் தொங்கவிடுவாள். களத்து ஓரம் சோளத்தட்டுப் போர் ஒன்று இருந்தது. அதில் ஆள் உட்காரும் அளவுக்குக் குடைந்து வைத்திருந்தாள். ரூபனிடம் இரவல் வாங்கிய நீளமான லென்ஸை மாட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து காத்திருப்பாள். ஒற்றைக்கொம்பன் வந்தான். முதல் தடவை வெளிச்சம் போதாமல் படம் கரியாக இருந்தது. அடுத்த தடவை பின்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போனான். ஆனால் வருவது பழகிவிட்டது. திறந்திருக்கும் வழி எது என்று கற்றுக்கொண்டுவிட்டான். யானைக்கு ஒரு வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நாம் மறந்தாலும் அது மறக்காது.

அவன் போனதும் கொக்கிகளை மாட்டிவிட்டு, அவன் போட்ட லத்தியைக் கூடையில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டி மூடுவாள். சாய்ந்து கிடந்த வாழைகளைப் பார்த்துச் சென்னிமலை, “காத்து இந்த வருசம் ரொம்ப எச்சா அடிக்குது,” என்றார். அவள் ஆமாம் என்றாள்.

மெஹராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தைப் பார்க்க வந்தாள். சென்னிமலை இளநீர் வெட்டிக் கொடுத்து, “ஏனுங்க, நீங்களும் படம் புடிக்கறவீங்களா? அப்ப நாங்கெல்லாம் சட்டைய மாத்திட்டு வாரோமுங்க,” என்று கேலி பேசிச் சிரிக்க வைத்தார். பிறகு பெண்கள் இருவரும் தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். பலா மரத்தடியில் முத்தாத்தாள் அள்ளத் தவறிய லத்தி ஒன்று கிடந்தது. மெஹராஜ் அதைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள். படம் எடுக்கிற கண் அல்லவா, ஒன்றையும் விடவில்லை.

“அக்கா, வேலிக்கு உள்ளார இது எப்பிடி வந்துச்சு?”

முத்தாத்தாள் மறைக்கவில்லை. மறைக்க முடியாத சந்தோஷமும் அதில் இருந்தது. கொக்கி, பலா, தட்டுப்போர் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க மெஹராஜின் முகம் வெளுத்தது.

“உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாக்கா? அண்ணன் காலையில மோட்டார் ரூம்கிட்டதானே வந்து பல்லு வெளக்குவாருன்னு நீங்களே சொன்னீங்க?”

“அவரு வெளிச்சம் நல்லா வந்தபொறவுதான் எந்திரிப்பாரு கண்ணு. அதுக்குள்ளார நான் கொக்கிய மாட்டிப்போடுவேன்.”

“ஒரு நாளு முன்னாடியே எந்திரிச்சுட்டா?”

“எந்திரிக்க மாட்டாரு. பெட்டி சத்தம் கேக்குதில்ல.”

மெஹராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அல்லாவுக்காக வேண்டாங்கக்கா. உங்க கால்ல உழுகறேன். வேற எதாச்சும் எடுங்க. பூ எடுங்க, மாடு எடுங்க.”

“ஒரே ஒரு படம் மெஹராஜு. கம்பி இல்லாம ஒரே ஒரு படம். அப்புறம் நானே பலாவ வெட்டிச் சாய்ச்சுப்போடுவேன்.”

இப்படிச் சொன்ன யாரும் ஒன்றோடு நிறுத்தியதை நான் கண்டதில்லை. ஆனால் முத்தாத்தாளுக்கு அந்த ஒன்று கிடைத்தது.

ஆனி முடியப்போகிற சமயம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் உடம்பு வெடவெடத்தது. ஸ்வெட்டரை எடுக்க மறந்துவிட்டாள். பீரோவைத் திறந்தால் கதவு கிரீச்சிடும் என்று அப்படியே வந்துவிட்டாள். தட்டுப்போருக்குள் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேற்கே மலை தெரியவில்லை, மூட்டமாக இருந்தது. கிழக்கில் மட்டும் மேகம் கிழிந்து வெளிச்சம் சாய்வாக வந்து மோட்டார் ரூமின் வெள்ளைச் சுவரில் விழுந்தது. அப்போது ஒற்றைக்கொம்பன் திறந்த வழியாக உள்ளே வந்தான்.

அத்தனை பெரிய உடம்பு வருவதற்கு ஒரு சத்தமும் இல்லை. நேராகப் பலாவுக்கு வந்து, சுவருக்கு வலது பக்கம் நின்று, தும்பிக்கையைத் தூக்கினான். கம்பி இல்லை. கண் தெரிந்தது, கண்ணைச் சுற்றிய சுருக்கம் தெரிந்தது, முறிந்துபோன தந்தத்தின் குழி தெரிந்தது. முத்தாத்தாள் பொத்தானை அழுத்தினாள்.

அழுத்திக்கொண்டிருக்கும்போதே படத்தின் இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சென்னிமலை வந்துகொண்டிருந்தார். கையில் அவளுடைய மெரூன் கலர் ஸ்வெட்டர்.

“முத்து,” என்று மெதுவாகக் கூப்பிட்டார். “ஏ முத்து, இந்தக் குளுருல எங்க புள்ள போனே?”

சுவருக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் அது. நடுவில் ஒரு செங்கல் கனம். அவர் சுவரை ஒட்டியே நடந்து மூலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒற்றைக்கொம்பன் தும்பிக்கையை இறக்கிக் காதுகளை விரித்தான். இருவரையும் பார்க்க முடிந்தது அவள் ஒருத்தியால் மட்டும்தான்.

அவளுக்குக் குரல் வராமல் இல்லை. தொண்டை அடைக்கவும் இல்லை. மூச்சும் திணறவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவளே தன்னிடம் அப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தாள், நம்ப முடியவில்லை. அந்த நேரத்தில் அவள் நினைத்தது ஒன்றுதான். இதுதான் படம். அவள் விரலை எடுக்கவில்லை. கேமரா படபடவென்று எடுத்துக்கொண்டே இருந்தது.

சென்னிமலை மூலைக்கு ஓரடி இருக்கும்போது நின்றார். கொட்டத்துப் பக்கம் மாடு கத்தியது. அங்கேதான் இருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி நடந்தார். யானை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு பழத்தைத் திருகி எடுத்துக்கொண்டு வந்த வழியே போயிற்று.

முத்தாத்தாள் தட்டுப்போரை விட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கேமராவைத் திருப்பிப் படத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் போனதும் சென்னிமலை ஸ்வெட்டரை நீட்டினார். “எங்க போயிருந்தே? வெளிய தேடிப்போட்டு வாரேன்.”

“கொட்டத்துலதானுங்க இருந்தேன்.”

“கொட்டத்துல பாத்தனே,” என்றார் அவர். பிறகு விட்டுவிட்டார். அன்றைக்கே அவர் வெளியே போன நேரம் பார்த்து, ஆள் வைத்து மிச்சப் பலாக்காய்களை எல்லாம் வெட்டிப் போட்டாள். கொக்கியைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். அதைக் காப்பாற்றவும் செய்தாள்.

படத்தை ரூபனிடம் கொடுக்கும்போது இடது பக்கத்தை வெட்டிவிட்டுக் கொடுத்திருக்கலாம். வெட்டிப் பார்க்கவும் செய்தாள். யானை மட்டும் மிஞ்சியது. நல்ல யானைதான். ஆனால் படம் செத்துப்போயிற்று. சுவரும், சுவருக்கு இப்பக்கம் ஸ்வெட்டரோடு நிற்கும் மனுஷனும் சேர்ந்தால்தான் அது படம். அவளுக்கே அது தெரிந்திருந்தது. முழுசாகக் கொடுத்தாள்.

ஆவணி மாதம் கண்காட்சி வைத்தார்கள். அவளுடைய படத்தை ஒரு கதவு அகலத்துக்குப் பெரிசாக்கி நடுச்சுவரில் மாட்டியிருந்தான் ரூபன். மெஹராஜ் அதன் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணன் கையில என்னுங்கக்கா அது?”

“என்ற ஸ்வெட்டரு.”

“குளுருதுன்னு கொண்டாந்தாரா?”

முத்தாத்தாள் தலையை மட்டும் ஆட்டினாள். மெஹராஜ் அழுதாள். அழுதபடியே, “இத மாதிரி ஒரு படத்த நான் பாத்ததே இல்லீங்கக்கா,” என்றாள். திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சென்னிமலை வரமாட்டார் என்றுதான் முத்தாத்தாள் நம்பியிருந்தாள். டவுன் அவருக்கு ஆகாது. ஆனால் தனபால், அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவர் வெள்ளை வேட்டி சட்டையில், துண்டைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் வணக்கம் வைத்தபடி சிரித்த முகமாக நடந்து வந்தார். நடுச்சுவருக்கு வந்ததும் நின்றார்.

யாரோ ஒருவர், “ஏனுங்க, இது நீங்கதானுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“ஆனை நிக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாதுங்க.”

அவர் படத்துக்குக் கிட்டத்தில் போனார். தன்னைப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். யானையின் காதைப் பார்த்தார். படத்தின் வலது ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், கல்தூணில் கொக்கிகள் கழன்று தொங்கின. வேலி கட்டியவர் அவர். அதையும் பார்த்தார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அறிமுகம் இல்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார்.

தனபாலின் காரில் வீடு திரும்பினார்கள். அவன் வழியெல்லாம் அம்மாவைப் புகழ்ந்துகொண்டு வந்தான். அவன் கிளம்பிப் போனபிறகு, சென்னிமலை முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். தலைக்கு மேல் பெட்டி டிக் டிக் என்று அடித்தது.

“நான் சொவத்தோரம் வந்தப்ப நீ என்னப் பாத்துட்டுத்தான் இருந்தியா?”

“பாத்தேனுங்க.”

“ஏன் கூப்பிடல?”

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் எழவில்லை என்று சொன்னால் நம்பக்கூடிய மனுஷன்தான் அவர். நம்புவதற்குக் காத்துக்கொண்டும் இருந்தார். ஆனால் ஏற்கெனவே சொன்ன பொய்கள் போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

“கூப்பிட்டிருந்தா அது திரும்பியிருக்குமுங்க. படம் போயிருக்கும்.”

“செரி,” என்றார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சண்டை போடவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை, மகனிடம் சொல்லவில்லை. மரியாதை மட்டும் கொடுக்க ஆரம்பித்தார். “சாப்பிடலாமுங்களா?” என்றார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, பொறப்படுங்க,” என்றார். எங்கள் பக்கத்தில் ஊரார் எல்லோருக்கும் கொடுக்கிற ‘ங்க’தான். வழிகேட்டு வருகிறவனுக்கும் கொடுப்பார்கள். கட்டிய பெண்டாட்டிக்கு அதைக் கொடுத்தபோது முத்தாத்தாளும் வழிகேட்டு வந்தவளாகிவிட்டாள். முத்து என்ற பெயர் அந்த வீட்டில் கேட்காமலே போயிற்று. சனிக்கிழமைகளில் இப்போதும் மொபட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பொழுது சாய்கிற நேரத்தில் தானே போய் ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். பெட்டியின் சத்தம் கேட்டும் அவர் தூங்குவதில்லை என்பதை அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டாள்.

அவளும் ஒருநாள் அழுது பார்த்தாள். “நாலு அறை அறைஞ்சுபோடுங்க. இப்பிடிப் பேசாதீங்க,” என்றாள்.

“நான் என்னுங்க சொல்லிப்போட்டேன்?” என்றார் அவர். “நீங்க நல்லாத்தான் படம் எடுக்கறீங்க.”

கார்த்திகையில் ரூபன் போன் செய்தான். அந்தப் படத்தைச் சென்னையில் வைக்கக் கேட்கிறார்கள், அதே தோட்டத்தில் எடுத்த வேறு சில படங்களும் வேண்டும் என்றான். யானை வேண்டாம் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். பனியை எடுக்கலாம், வீட்டை எடுக்கலாம், விடிந்ததும் வாசலுக்கு வரும் புருஷனை எடுக்கலாம். அவரை மட்டும் தனியாக, நல்ல வெளிச்சத்தில், ஒரு படம். அதைப் பார்த்தாலாவது அவர் மனசு இளகாதா என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்க ஒற்றைக்கொம்பன் வண்டித்தடத்துப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போவதாகப் பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள். பலாக்காலம் இல்லை. ஆனாலும் அவன் வந்தான். வழி பழகியவன்.

“கொக்கியெல்லாம் மாட்டியிருக்குதுங்களா?” என்று முந்தின நாள் மாலை அவரிடம் கேட்டாள்.

“மாட்டியிருக்குதுங்க,” என்றார். உண்மைதான். அவர் மாட்டியிருந்தார்.

காலையில் தட்டுப்போருக்குப் போனாள். இந்தத் தடவை குடைவுக்குள் போகாமல், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போரில் சாய்ந்து வீட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். பனி தரையோடு தவழ்ந்தது. ஸ்வெட்டரை இன்றைக்கும் மறந்துவிட்டோம் என்று உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. முதுகுப் பக்கம், தூரத்தில், ஈர மண்ணில் எதையோ மெல்லச் சாய்த்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தென்னை மட்டை விழுந்திருக்கும் என்று நினைத்தாள். கல்தூணைக் கம்பியில் படாமல் தள்ளத் தெரிந்த யானை ஒன்று உண்டு என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கதவு திறந்தது. சென்னிமலை வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அவள் லென்ஸைத் திருகி அந்த முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். நரைத்த தாடை முடி, கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய கண் அவளை விட்டு நகர்ந்து, அவளுக்குப் பின்னால் மேலே போயிற்று. அங்கேயே நின்றது.

முத்தாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. தட்டுப்போரின் மேல்பக்கத்தில் காய்ந்த தட்டு ஒன்று முறிந்தது. ஈரத் தோலும் மண்ணும் கலந்த வாசம் அவள் கழுத்தில் இறங்கியது. திரும்பக் கூடாது, அசையக் கூடாது. அவர்தான் கூப்பிட வேண்டும். கையைத் தட்டி, வாளியை உருட்டி, கத்திக் கூப்பாடு போட்டு அதன் கவனத்தைத் திருப்ப வேண்டும். கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். லென்ஸுக்குள் அவருடைய வாய் மூடியபடியே இருந்தது.

அவர் பயந்துபோய் நிற்கவில்லை. நாற்பது வருஷம் பார்த்த முகம், அவளுக்குத் தெரியாதா? அவர் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். அன்பும் வெறுப்பும் ஒரே முகத்தில், இரண்டும் அசையாமல், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. இப்படி ஒரு முகம் இனி அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

அதற்கப்புறம்தான் அவர், “முத்து!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.